உள்ளே ஒருவரும் இல்லாதபோது மட்டும்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதினோரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. போனில் எனக்கு வாய் வராது, உனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன்.

பாட்டுக்காரரின் சாவு வீட்டுக்கு அன்றைக்கு நானும் வந்திருந்தேன். நீ கவனித்தாயோ என்னவோ. அத்தானோடு பன்னிரண்டு வருஷம் ஒரே தானியக் கிடங்கில் வேலை பார்த்த மனிதர். மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார் என்பதால் அந்தப் பெயர். ஒரு தடவை உன் வீட்டில் என்னைப் பார்த்து, "படிச்ச பொண்ணு, நிமிர்ந்து உட்காரும்மா" என்றார். அன்று கூடத்தில் இடம் இருந்தும் செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றேன். அத்தான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

நான் விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த பதில்தான் உன் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். கிடங்கில் தானியத்துக்குப் புகை போடும் அறையின் விளக்கைப் பொருத்தியது எங்கள் கம்பெனி. பூச்சி சாகிற வாயுவைத் திறக்கும் முன், போகும்போதும் வரும்போதும் கதவில் தேய்க்கும் அட்டையை வைத்து, உள்ளே ஆள் இருந்தால் அது சிவப்பாக இருக்கும், இல்லாவிட்டால் பச்சையாகும். அந்த விதியை எழுதியது நான். அதனால் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: பாட்டுக்காரர் உள்ளே மாட்டிக்கொண்ட அன்று விளக்கு விதிப்படி வேலை செய்ததா? பதிவுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். விதி சொன்னதைத்தான் விளக்கு செய்திருந்தது. "செய்தது" என்று எழுதிக் கொடுத்தேன். அதில் அத்தானைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை அக்கா.

பச்சையைப் பார்த்த பிறகும் அத்தான் கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம் என்று நான் போனில் சொன்னது தப்புதான். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பசங்க பள்ளிக்கூடம் போகிறார்களா? ஒரு வரியாவது எழுது.

தங்கை

மார்ச் 10

சுண்டு,

உன் லெட்டர் வந்துச்சு. மூணு நாள் பிரிக்காம வெச்சிருந்தேன். ஒன்பதாம் கிளாஸோட நின்னவ எழுதறேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ.

அத்தானைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லேன்னு எழுதியிருக்கே. அதுக்குத்தான்டி கோவம். ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? விளக்கு சரின்னா அப்புறம் தப்பு யார் மேல? வாயுக் கைப்பிடியைத் திருப்பின உன் அத்தான் மேல. குழுவும் அப்படியேதான் எழுதியிருக்கு, பின்னாடி உன் லெட்டரையும் சேர்த்துக் குத்தி வெச்சு.

உனக்கு ஒண்ணு தெரியுமா? விளக்கு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அவர் டார்ச்சை எடுத்துக்கிட்டு மூட்டை இடுக்கெல்லாம் சுத்திட்டு வருவார். "யாருய்யா உள்ளே"ன்னு மூணு தடவை கத்துவார். பாட்டுக்காரரே கிண்டல் பண்ணுவாராம், "என்ன மாப்ளே, எலிங்களுக்கு வருகைப்பதிவு எடுக்கறியா"ன்னு. உன் விளக்கு வந்தப்புறம்தான் அதை விட்டார். ஏன்யா விட்டேன்னு குழுவில கேட்டதுக்கு, விளக்கு வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டார். மிச்சத்தை எங்கிட்டதான் சொன்னார். "அது என் மச்சினி எழுதினது. அதுக்கு மேல நான் டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போனா அவளை நம்பலேன்னு ஆகாதா"ன்னார். கிடங்கு பூரா சொல்லி வெச்சிருந்தார்டி. லாரிக்காரங்க வந்தாக்கூட விளக்கைக் காட்டி, இது எங்க வீட்டுப் பொண்ணு வேலைன்னு நிறுத்தி வெச்சுப் பேசுவாராம்.

இப்ப ரோட்டுல பச்சை விழுந்தாலும் சைக்கிளை நகர்த்த மாட்டேங்கறார். நேத்து நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்குது. இறங்கி நான்தான் தள்ளிக்கிட்டு வந்தேன்.

வீட்டுல ஒரே புலம்பல். லீவு நாள்ல ஈ காக்கா இல்லாதப்பவே அது சிவப்புல நின்னுச்சே, அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கார்.

முழுத் தப்பும் என்னோடதுதான்னு ஒரு தாள்ல இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போடணுமாம். போட்டா அது நேரா போலீசுக்குப் போகும். போடறேன்னு சொல்றார். நான் எவ்வளவு அழுதும் கேக்கலை.

பசங்க போறாங்க. பெரியவன்கிட்ட யாரோ உங்கப்பா ஆளைக் கொன்னவராமேன்னு கேட்டிருக்காங்க.

எழுதறதா இருந்தா ஏதாவது உருப்படியா எழுது.

அக்கா

மார்ச் 13

அக்கா,

ஒரே ஒரு விஷயம். லீவு நாளில் விளக்கு சிவப்பாக நின்றது என்று எழுதியிருந்தாய். அன்று அந்த அறைக்கென்று யாருடைய அட்டையாவது பதிந்திருந்ததா, அல்லது ஒருவர் அட்டையும் பதியவில்லையா? பிறகு அது எப்படிப் பச்சையானது? அத்தானிடம் கேட்டு அவர் சொல்வதை அப்படியே எழுது. தயவுசெய்து சீக்கிரம்.

மார்ச் 16

சுண்டு,

கேட்டேன். ஒரு அட்டையும் பதியலையாம். உள்ளே மூட்டை மட்டும்தான். அப்பவும் சிவப்பு. அவரே தன்னோட அட்டையைப் பதிஞ்சு, உள்ளே ஒரு காலை வெச்சுட்டு வெளியே வந்து தேய்ச்சாராம். உடனே பச்சையாயிடுச்சாம்.

இதை அப்பவே உனக்குப் போன் பண்ணிக் கேட்டாராமே? "யாருமே போகலேன்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது அத்தான், ஒருத்தர் போய்ட்டு வாங்க, சரியாயிடும்"னு நீதான் சொன்னியாம். சிரிச்சியாம்.

எதுக்குக் கேக்கறே?

மார்ச் 19

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தப்பு என்னுடையது. விளக்கில் கோளாறு இல்லை, அத்தான் பார்த்த பச்சையும் பொய் இல்லை. நான் எழுதிய விதியே தப்பு.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்லாவிட்டால் நான் இன்னும் மறைக்கிறேன் என்று ஆகிவிடும். அதனால் பொறுமையாகப் படி.

கிடங்கிலிருந்து எங்களுக்கு வந்த உத்தரவு இது: உள்ளே ஒருவரும் இல்லாதபோது மட்டும் பச்சை. இதை நாங்கள் வாக்கியமாக எழுத மாட்டோம், குறிகளாக எழுதுவோம். "எல்லோரும்" என்பதற்குத் தலைகீழாக நிற்கும் ஆங்கில ஏ. "இல்லை" என்பதற்கு ஒரு சின்னக் கொக்கி. அன்று அந்த அறைக்கு அட்டை பதிந்த ஆளுக்குப் பதிலாக ஓர் எழுத்து. அந்த ஏ-வை முதலில் எழுதிக் கொக்கியைப் பின்னால் வைத்தால், ஒவ்வொருவராக எடுத்துப் பார், ஒருவரும் உள்ளே இல்லை என்று அர்த்தம். அதுதான் வேண்டியது. நான் கொக்கியை முன்னால் வைத்துவிட்டேன். அப்படி வைத்தால், எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்பது உண்மையல்ல என்றுதான் வரும்.

நீ கடைக்குப் புறப்படுகிறாய் என்று வைத்துக்கொள். "பசங்க ரெண்டு பேரும் உள்ளே இருக்காங்களா?" என்று கேட்கிறாய். பெரியவன் வாசலில் நிற்கிறான். அதனால் "இல்லை" என்று பதில் வருகிறது. அந்த "இல்லை"யைக் கேட்டுவிட்டு, சின்னவனை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போவாயா? நான் எழுதிய விதி அப்படித்தான் பூட்டிக்கொண்டு போனது.

இத்தனை மாதம் ஏன் தெரியவில்லை என்றால், சின்ன அறைகளுக்கு எப்போதும் ஒரே ஆள்தான் போவார். ஒரே ஆள் என்றால் கொக்கி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். நாங்கள் சோதித்துப் பார்த்ததும் ஓர் அட்டையை வைத்துத்தான். அன்றைக்குத்தான் பெரிய அறையில் முதல் தடவையாக இரண்டு பேர். கூட இருந்தவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்து அட்டையைத் தேய்த்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எல்லோரும் உள்ளே இல்லை. பச்சை. பாட்டுக்காரர் கடைசி வரிசை மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார். கைப்பிடி கட்டிடத்தின் மறுபக்கம். அத்தானுக்குத் தெரிந்தது விளக்கு மட்டும்தான்.

லீவு நாளில் சிவப்பாக நின்றதற்கும் அதுதான் காரணம். ஒருவர்கூடப் பதியாதபோது, எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்பதைப் பொய்யாக்க வெளியே ஓர் ஆள் இல்லை. பொய்யாக்க ஆள் இல்லாததை மிஷின் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் சிவப்பு. இது நாங்கள் முதல் வருஷம் படிக்கிற பாடம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். அத்தான் கேட்ட அன்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிடித்திருப்பேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியில் இறங்கிக்கொண்டே பதில் சொன்னேன். சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

விதியை எழுதிய அன்று மேலாளர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "முடிஞ்சுதா?" என்று கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு நேரமாகிறதே என்று நினைத்தேன். "முடிஞ்சுது சார்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

இதை நேற்று அவரிடம் சொன்னேன். விதியைத் திரையில் திறந்து பார்த்தார். "விதிப்படி நடந்துச்சான்னுதானே கேட்டாங்க? நடந்துச்சு. கேக்காத கேள்விக்கு நாம ஏம்மா பதில் சொல்லணும்?" என்றார்.

என்ன செய்யட்டும் அக்கா? நீ சொல்.

மார்ச் 23

சுண்டு,

முதல் தடவை படிச்சப்ப ஒண்ணும் புரியலை. சின்னவனை உள்ளே வெச்சுப் பூட்டற இடத்துலதான் புரிஞ்சுது. அடுப்பை அணைச்சுட்டுத் தரையில உட்கார்ந்துட்டேன்.

அத்தான்கிட்ட சொல்லாம இருக்க முடியலை. படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். திட்டுவார்னு நெனைச்சேன். இல்லை. "அவ கொக்கியை எங்க வெச்சா என்ன, நான் டார்ச்சை எடுத்திருந்தா அவன் இருந்திருப்பான். நான் போய்ப் பார்க்கலைங்கறது உண்மைதானே. ஒரு உசிரு போச்சு, நான் போகப் போறேன், மூணாவதா அந்தப் புள்ளையும் எதுக்கு? வாயைத் திறக்க வேண்டாம்னு எழுது, அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு"ன்னார்.

கிழிக்கலை. அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கேன்.

நம்ம வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சது நீ ஒருத்திதான். முதல் நாள் உன்னை உள்ளே விட்டுட்டு, நீ திரும்பிப் பார்ப்பேன்னு கேட் பக்கத்துலயே நின்னேன். பெல் அடிக்கிற வரைக்கும் நின்னேன். உன்மேல ஒரு துரும்பு பட்டாலும் எனக்குத் தாங்காது. அக்காவா மட்டும் இருந்தா அத்தான் சொல்றதைத்தான் நானும் சொல்வேன், பேசாம இருன்னு.

ஆனா நான் அவர் பொண்டாட்டியும்தான்டி. அவர் செஞ்சது பாதித் தப்பு. பாதிக்குப் பாதி தண்டனை குடுக்கட்டும், வாங்கிக்கட்டும். உன் பாதியையும் சேர்த்து அவர் தலையில வெச்சுக்கிட்டுப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியலை.

இதை எழுதவே எனக்கு வெட்கமா இருக்கு. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு.

சொல்லிடுடி.

அக்கா

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள்ளேயே போகலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை குழு உட்காரும் ஆபீஸ் தெருவரை போய்த் திரும்பியிருந்தேன். உன் கடிதம் இல்லாமல் போயிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இருபத்தேழாம் தேதி குழுவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மூன்று பேர், ஒரு தண்ணீர் ஜாடி, சுற்றும்போது டக் டக் என்று அடிக்கும் ஃபேன். எனக்கே கேட்காத குரலில் ஆரம்பித்தேன். "சத்தமா சொல்லும்மா" என்றார் ஒருவர். சொன்னேன். "விளக்கு சரியா வேலை செஞ்சுதுன்னு நீங்களேதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்று நடுவில் இருந்தவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். "அது பொய் இல்லை சார். விளக்கு விதிப்படிதான் செஞ்சுது. விதி தப்பு. விதி என்னுது" என்றேன். அதற்குப் பிறகு நிறையப் பேசினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான்.

அத்தான் கையெழுத்துப் போட வேண்டிய தாளை நிறுத்திவிட்டார்கள். புதிதாக எழுதப்போகிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்பது மட்டும் அத்தான் மேல் இருக்கும். மற்றது என் மேலும் கம்பெனி மேலும். என்னை இப்போதைக்கு ஆபீஸுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கேஸ் வரலாம். வக்கீல் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்ப்பேன். நீ பயப்படாதே.

இன்னொன்று. நேற்று பாட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

அவர் மனைவி குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். வாளி நிரம்பும்வரை குழாயையே பார்த்தார். நிரம்பியதும் குழாயை மூடிவிட்டு, "உள்ளே வா" என்றார்.

குழுவில் சொன்னதை அப்படியே சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இதெல்லாம் எனக்கு வேண்டாம். நீ எழுதினதை எழுதிக் காட்டு" என்றார். சுவரிலிருந்து கிழித்து வைத்திருந்த ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்தார். எழுதினேன். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. தாளைத் திருப்பிப் பார்த்தார், வேறு எங்காவது இருக்கிறதா என்று.

"இதுல அவர் எங்கே?" என்றார்.

அந்த எழுத்தைக் காட்டினேன்.

"இதுவா? அவர் பேருல இந்த எழுத்தே கிடையாதே."

"யாரா இருந்தாலும் இதே எழுத்துதான்க்கா. இன்னார்னு இல்லை."

"அப்போ நீ யாரையும் நெனைச்சுக்கிட்டு எழுதலை."

இல்லை என்றேன். அக்கா, அந்தக் குறிகளின் அழகே அதுதான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் பொருந்தும், யாரையும் குறிக்காது. வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. நேற்று அவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"சரியா எப்படி எழுதணும்?" என்றார். அதற்குக் கீழேயே எழுதினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கொக்கியின் மேல் விரலை வைத்து, மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு நகர்த்தினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா."

அழவில்லை, திட்டவும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார். நான் எழுந்து நின்றேன். போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அத்தானிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் என்னை நம்பியிருக்க வேண்டாம். அதை அவரிடம் சொல்லாதே.

தங்கை

ஏப்ரல் 7

சுண்டு,

அத்தானுக்குப் புது ஆர்டர் வந்துடுச்சு. புகை அறைப் பக்கம் இனிமே போகக் கூடாது, லாரி இறக்கற இடத்துல வேலை. ஆறு மாசம் கண்காணிப்பு. போலீஸ்ல ஒரு தடவை வந்து சொல்லிட்டுப் போகணுமாம், அவ்வளவுதான். படிச்சுட்டு மடிச்சு வெச்சார். எல்லாரும் வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க, உங்க மச்சினி உங்களைக் காப்பாத்திடுச்சேன்னு. அவர் கையை உருவிக்கிட்டு வந்துடறார். ராத்திரிச் சாப்பாட்டுல எங்கிட்ட மட்டும், "நான் காப்பாத்தச் சொல்லலையே"ன்னார். உன்மேல கோவம். சொல்லாதேன்னு சொல்லியும் சொன்னதுக்கா, முன்னாடியே சொல்லாததுக்கா, தெரியலை. கேக்கவும் பயமா இருக்கு. கிடங்குல யாராவது உன்னைப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து போயிடறாராம்.

உன் லெட்டரை அவர் கையில வாங்கலை. நான்தான் சத்தமா படிச்சேன். சின்னவன் சட்டைக்குப் பட்டன் தெச்சுக்கிட்டே படிக்கற மாதிரி, யாருக்கோ படிக்கற மாதிரி. கடைசி வரியை மட்டும் விட்டுட்டேன்.

பாட்டுக்காரர் வீட்டுக்கு நீ போனதைப் படிச்சப்ப நிமிர்ந்தார். முடிக்கிற வரைக்கும் அசையலை. நான் லெட்டரை மடிச்சப்புறம், "அந்தத் தெருவுக்கு பஸ் கிடையாதே"ன்னார்.

ஆமான்னேன்.

"பாலத்துலேர்ந்து நடக்கணும். அங்க நாய்ங்க ஜாஸ்தி. தனியாவா போனா?"

தெரியலைன்னேன். எழுதலையேன்னேன். சைக்கிளைத் துடைக்கப் போயிட்டார். நீ குழுவுக்குப் போனதுலேர்ந்து உன் பேச்சையே எடுக்காத மனுஷன்.

நீ எப்படிப் போனே, எப்படித் திரும்பி வந்தேன்னு எழுது. அவர் இன்னொரு தடவை கேக்க மாட்டார். நானாத்தான் சொல்லணும்.

அக்கா